நெட்டையனைக் காட்டாத திங்கட்கிழமை

தென்காசிப் பக்கம் உட்கார்ந்துகொண்டு கோல்ஃப் பார்க்கிற பொம்பளை நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். எங்கள் குத்துக்கல்வலசைத் தெருவில் சொன்னால் சிரிக்கிறார்கள். கிரிக்கெட் என்றால் ஒரு நியாயம் இருக்கு, இது என்ன யக்கா, ஆளில்லாத புல்லுக்குள்ள ஒருத்தன் கம்பத் தூக்கிக்கிட்டு நடக்கான், அத மணிக்கணக்கா பாக்கிய என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்காத வாரம் கிடையாது. அவளுக்கு நான் விளக்கம் சொல்லி முடிப்பதற்குள் அவள் அடுப்பில் பால் பொங்கி வழிந்துவிடும். அதனால் சொல்வதில்லை.

என் வீட்டுக்காரர் ராணுவத்தில் சுபேதாராக இருந்தவர். கடைசி வருஷங்களில் ஒரு மலையூரில் இருந்தோம். அங்கே அதிகாரிகள் ஆட ஒரு கோல்ஃப் மைதானம் உண்டு. அதன் புல்லைப் பார்த்துக்கொள்கிற பொறுப்பை இவர் தலையில் கட்டிவிட்டார்கள். துப்பாக்கி பிடித்த மனுஷனைப் புல்லுக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லுகிறார்களே என்று எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. இவருக்கோ அந்தப் புல்மேல் அப்படி ஒரு பிரியம் வந்துவிட்டது. பெற்ற பிள்ளையைக்கூட இப்படித் தடவிக் கொடுத்ததில்லை. சாயங்காலம் அதிகாரிகள் போனபிறகு என்னையும் கூட்டிக்கொண்டு மைதானத்தைச் சுற்றுவார். அப்படித்தான் ஆட்டத்தை நான் தெரிந்துகொண்டேன். பெரிய வித்தை ஒன்றும் இல்லை. தூரத்தில் கொடி நட்ட ஒரு குழி. அதற்குள் பந்தைப் போடவேண்டும். பதினெட்டுக் குழி முடிக்கும்போது எவன் குறைவாக அடித்திருக்கிறானோ அவன் கெட்டிக்காரன். பெரிய போட்டி என்றால் இதையே நாலு நாள் ஆடுவார்கள்.

ஓய்வு பெற்று இங்கே வந்து வீடு கட்டியபிறகு தொலைக்காட்சியில் பார்க்க ஆரம்பித்தோம். வெளிநாட்டில் ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் முடிகிறபோது நாம் இங்கே தூங்கிக்கொண்டிருப்போம். திங்கட்கிழமை காலையில் அதையே மறுபடி போடுவார்கள். அது முடிகிறவரை யார் ஜெயித்தது என்று எங்களிடம் யாரும் மூச்சு விடக்கூடாது. இது எங்கள் வீட்டுச் சட்டம். ஞாயிற்றுக்கிழமை படுக்கப்போகுமுன் இரண்டு போனையும் அணைத்து அரிசி டிரம்முக்குள் போட்டு மூடிவிடுவேன். எங்கள் மகள் பெங்களூரில் இருக்கிறாள். திங்கட்கிழமை காலையில் உங்க வீட்டுல செத்தாலும் எனக்குச் சொல்ல முடியாது, எனக்குன்னாலும் உங்களுக்குச் சொல்ல முடியாது என்று திட்டுவாள். திட்டட்டும்.

இவருக்கு என்று ஒரு ஆள் இருந்தான். ஊர் பேர் வாயில் நுழையாது. ஒட்டடைக் கம்பு மாதிரி இருப்பான். நெட்டையன் என்றுதான் வீட்டில் சொல்லுவோம். பந்து உயரத்தில் இருந்து மெத்தென்ற புல்லில் விழுந்தால் ஒரு சின்னப் பள்ளம் விழும். அதை அவனவன் சரி செய்துவிட்டுப் போகவேண்டும். பல பேர் செய்யமாட்டார்கள், செய்தாலும் பேருக்குச் செய்வார்கள். நெட்டையன் தன் பள்ளத்தைச் சரிசெய்துவிட்டு, முன்னால் போனவன் விட்டுவிட்டுப் போன பள்ளத்தையும் குனிந்து குனிந்து சரி செய்வான். அவ்வளவு உயரத்தில் இருந்து குனிவது லேசா? அதை ஒருநாள் பார்த்ததோடு சரி, இவர் விழுந்துவிட்டார். இவன்தான்டீ புல்லுக்கு மரியாத தெரிஞ்சவன் என்றார். நெட்டையன் பெரிய போட்டி ஒன்றையும் ஜெயித்ததில்லை. ஜெயித்துவிடுவான் என்று வருஷம் வருஷமாக நாங்கள் காத்திருந்தோம். அவனுக்கும் தாடி நரைத்துப்போனது.

ஜெயிப்பதற்கு என்றே இன்னொருத்தன் வந்துவிட்டான். அவனை நான் ராசா என்பேன். முதலில் நக்கலாகத்தான் சொன்னேன். எந்தப் போட்டியைப் போட்டாலும் ராசாதான். காற்றடித்தாலும் ராசா, மழை பெய்தாலும் ராசா. வயிற்றெரிச்சலாக இருக்கும். ஆனால் உள்ளதைச் சொல்லவேண்டும்: அவன் ஆடுகிறதைப் பார்த்தால் கண்ணை எடுக்க முடியாது. இவ்வளவு நாளும் மற்றவர்கள் எல்லாரும் சும்மா கம்பைச் சுற்றிக்கொண்டிருந்தார்களோ என்று தோன்றும். திமிர் பிடித்தவனாக இருந்தாலாவது திட்டித் தீர்க்கலாம். அதுவும் இல்லை. தோற்றவனைக் கட்டிப்பிடிப்பான், தொப்பியைக் கழற்றி வணங்குவான். திட்டவும் விடாமல், கும்பிடவும் மனசு வராமல் என்னை இப்படி நடுவில் நிறுத்திவைத்தவன் அவன் ஒருத்தன்தான்.

இந்தத் தொலைக்காட்சிக்காரர்கள் மட்டும் ஒழுங்காக இருந்திருந்தால் எனக்கு அவனைப் பிடித்தே போயிருக்கும். காலையில் அவன் காரில் இருந்து இறங்குவதைக் காட்டுவார்கள். செருப்பு மாற்றுவதைக் காட்டுவார்கள். தண்ணீர் குடிப்பதை, வாழைப்பழம் உரிப்பதை, மரத்தடியில் சும்மா நிற்பதைக் காட்டுவார்கள். அந்த நேரத்தில் வேறு ஐம்பது பேர் பந்து அடித்துக்கொண்டிருப்பார்கள். அவர்களெல்லாம் இருக்கிறார்களா செத்தார்களா தெரியாது. தப்பித் தவறி வேறு ஒருத்தன் ஜெயித்துவிட்டால் போனில் வருகிற செய்தி என்ன தெரியுமா? ராசா ஏன் தோற்றான் என்று வரும். ஜெயித்தவன் பேர் மூன்றாவது வரியில் கிடக்கும். நான் ராசாவைத் திட்டுகிறேனா, அவனைக் காட்டுகிறவர்களைத் திட்டுகிறேனா என்று எனக்கே சில நாள் தெரியாது. இவர் பேப்பரை மடித்துக்கொண்டு சிரிப்பார். ஏட்டி, ஒன் ஆளத்தான காட்டுதான், பாத்துட்டுப் போயேன் என்பார். யாரு என் ஆளு என்று சண்டைக்குப் போவேன்.

போன ஐப்பசியில் ஒருநாள் காலையில் பல் விளக்கப் போன மனுஷன் அப்படியே வாசல்படியில் சரிந்தார். பக்கவாதம். உயிர் தப்பியது. வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் போயிற்று. இன்னொன்றும் போயிருந்தது, அது வீட்டுக்கு வந்தபிறகுதான் தெரிந்தது. தட்டில் சோறு வைத்தால் இடது பக்கம் இருப்பதை மட்டும் சாப்பிட்டுவிட்டுக் கையைக் கழுவ நீட்டிவிடுவார். வலது பாதி வைத்தபடி இருக்கும். கண்ணில் கோளாறு ஒன்றும் இல்லை, மூளைதான் அந்தப் பக்கத்தை விட்டுவிட்டது என்றார்கள். நான் வலது பக்கம் வந்து நின்றால் நான் வந்ததே தெரியாது. அதனால் எதையும் இடது பக்கமாகவே கொண்டுபோகப் பழகிக்கொண்டேன். அவர் நாற்காலியையும் டிவிப் பெட்டி இடது கைப்பக்கம் வருகிற மாதிரி சுவரோரம் போட்டேன். அங்கே இருந்து தலையைத் திருப்பினால் முழுப் படமும் அவருக்குத் தெரிந்தது.

மூன்று மாசம் ஒரு சத்தம் இல்லை. அப்புறம் ஒரு திங்கட்கிழமை, வழக்கம்போல ராசா தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிறான், இவர் வாயில் இருந்து, "எங்க?" என்று வந்தது.

நான் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தேன். மறுபடியும் எங்க என்றார். நெட்டையன் எங்கே என்று கேட்கிறார்! அந்தா வருவான், இருங்க, இருங்க என்று சொல்லிக்கொண்டே நான் அழுதேன். அதற்குப் பிறகு அந்த ஒரு வார்த்தைதான். பசித்தாலும் எங்க, மகள் போனில் பேசினாலும் எங்க. ஆனால் ஆட்டம் பார்க்கும்போதுதான் அது கேள்வியாக, சரியான இடத்தில் வரும். பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் ஒருத்தி தென்காசி ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். அவளிடம் சொன்னபோது அவளுக்கும் சந்தோஷம். "அவரக் கேக்க விடுங்கம்மா. இந்த ஒண்ணப் புடிச்சிட்டுத்தான் அடுத்த வார்த்தை வரணும். இது மட்டும் நின்னு போயிராம பாத்துக்கோங்க" என்றாள். வலது பக்கமாக அவரே தலையைத் திருப்பவும் பழக்கச் சொன்னாள். அதற்கும் என்னென்னமோ செய்து பார்த்தேன். வலது பக்கம் நின்று கூப்பிட்டேன், பாத்திரத்தைத் தட்டினேன். மனுஷன் அசையவில்லை.

அதில் இருந்து தொலைக்காட்சிக்காரர்களைத் திட்டுவதைக்கூடக் குறைத்துக்கொண்டேன். அவர்கள் நெட்டையனைக் காட்டாமல் இருக்க இருக்கத்தானே இவர் கேட்கிறார்? அவர்களைத் திட்டவும் இப்போது எனக்கு வழி இல்லை.

ஆனி பிறந்தது, சாரல் விழுந்தது, என் தம்பி குடும்பம் வந்து இறங்கியது. இந்தப் பக்கம் வீடு வைத்திருப்பவர்களுக்கு இது தெரியும். பதினோரு மாசம் எட்டிப் பார்க்காத சொந்தமெல்லாம் குற்றாலத்தில் தண்ணீர் விழுகிறது என்றதும் துண்டும் நல்லெண்ணெயுமாக வந்துவிடும். என் தம்பியைக் குறை சொல்லக்கூடாது, அவன் அத்தானையும் பார்க்கத்தான் வந்தான். ஆனால் வந்த இரண்டு நாளும், அத்தான் சாப்பிடுதாங்களா, அத்தான் தூங்குதாங்களா என்று என்னைத்தான் கேட்டான். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற அத்தானைப் பார்த்து ஒன்றும் கேட்கவில்லை. எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

காலையில் ஐந்தருவி, சாயங்காலம் பழைய அருவி என்று குளித்துவிட்டு வந்தார்கள். சாரல் நாளில் வெளியே துணி காயாது. கூடத்துக்குள் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் கயிறு கட்டித் துண்டும் சேலையும் பேண்டும் தொங்கின. சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் இவர் தலையில் விழுந்தது. அக்கா, அத்தான இந்தப் பக்கம் உக்கார வச்சுருவோம் என்று தம்பி நாற்காலியோடு தூக்கிப் பெட்டிக்கு அந்தப் பக்கமாகப் போட்டான். நான் சட்னிக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன். நல்லது என்று சொல்லிவிட்டேன். வேலை மும்முரத்தில் யோசிக்கவில்லை. நனையாமல் இருந்தால் சரி என்றுதான் நினைத்தேன். அன்றைக்குத் திங்கட்கிழமை.

அது பெரிய போட்டி. சனிக்கிழமை வரைக்கும் நாங்கள் பார்த்திருந்தோம். ராசா முதலில் இருந்தான், நெட்டையன் அவனைவிட நாலு அடி கூட அடித்துப் பின்னால் இருந்தான். நெட்டையன் வயசுக்கு இனி இப்படி ஒரு போட்டியில் இவ்வளவு பக்கத்தில் வரப்போவதில்லை. அது இவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தம்பி போன், அவன் பெண்டாட்டி போன் எல்லாவற்றையும் முந்தின நாளே பிடுங்கி அரிசிக்குள் புதைத்திருந்தேன். யக்கா, எனக்கு ஆபீஸ்ல இருந்து கால் வரும் என்று கெஞ்சினான். ஒன் ஆபீஸு ஓடிப் போயிராதுலே என்று மூடியைப் போட்டேன்.

ஆட்டம் ஆரம்பித்தது. ராசா காரில் இருந்து இறங்கினான். தம்பி ரம்புட்டான் பழத்தை உரித்து வாயில் போட்டுக்கொண்டு பார்த்தான். இவர் எங்க என்றார். வருவான் என்றேன். படத்தின் ஓரத்தில் பேர் வரிசை ஓடும், யார் எந்த இடம் என்று. அதில் நெட்டையன் பேர் ஏறுகிறது. ஆறாவது, நாலாவது, மூன்றாவது. ஆளைக் காணோம். என்ன அடித்தான், எப்படிப் போட்டான், ஒன்றும் தெரியாது. பேர் மட்டும் தன்னால் ஏறுகிறது. ராசா மரத்தடியில் நிற்கிறான். எங்க, எங்க என்று இவர் குரல் ஏறுகிறது. அவ்வளவு தெளிவாக அவர் அதுவரை சொன்னதில்லை. இடது கையால் நாற்காலிக் கையைத் தட்டித் தட்டிக் கேட்டார். பாவி மனுஷங்களா, ஒரு தடவை காட்டுங்களேன் என்று பெட்டியைப் பார்த்து நானும் கத்தினேன். தம்பி சிரித்தான்.

கடைசிக் குழிக்கு நெட்டையன் வந்துவிட்டான். ராசா ஒரு குழி பின்னால் வருகிறான். இரண்டு பேரும் சமம். அப்போதாவது காட்டவேண்டாமா? படம் முழுக்க ராசாவின் முகம். குத்துக்காலிட்டு உட்கார்ந்து புல்லின் சரிவைப் பார்க்கிறான். கண் இமைக்காமல் அவன் பார்க்கிற அந்தப் பார்வை இருக்கிறதே, பாழாய்ப் போகிறவன், அதைப் பார்த்தால் நானும் இமைக்க மாட்டேன். இமைக்காமல்தான் இருந்தேன். என் தம்பி பெண்டாட்டி துணியை விலக்கிக்கொண்டு வந்தவள் கேட்டாள், "மதினி, அந்த மூலையில சின்னக் கட்டத்துல ஒரு நெட்டையான ஆளு ரெண்டு கையையும் தூக்குதாரே, அவரு யாரு?"

வலது பக்கம், கீழ் மூலை. தீப்பெட்டி அளவுக்கு ஒரு கட்டம். நான் பார்ப்பதற்குள் அது மூடிவிட்டது. பேர் வரிசையில் நெட்டையன் முதலில் இருந்தான். பந்தைக் குழிக்குள் போட்டிருக்கிறான்!

நான் இவரைப் பார்த்தேன். நாற்காலி இருந்த இடத்தைப் பார்த்தேன். பெட்டியில் வலது பாதி அவருக்குத் தெரியாத பக்கமாகப் போயிருந்தது. அந்த மூலை அவருக்கு உலகத்திலேயே இல்லை. போட்டுட்டான், நெட்டையன் போட்டுட்டான், முன்னால வந்துட்டான் என்று அவர் தோளைப் பிடித்து உலுக்கினேன். அவர் பெட்டியைப் பார்த்து எங்க என்றார். திருப்பிக் காட்டுவான், இருங்க என்றேன். நாற்காலியை நகர்த்தப் போனால் நடுவில் ஈரச்சேலை, கயிறு, ரம்புட்டான் தோல். தம்பியைக்கூடக் கூப்பிடவில்லை, ஏனென்றால் அதற்குள் ராசா கடைசிக் குழிக்கு வந்துவிட்டான்.

அடுத்தடுத்து நடந்தது எல்லாம் ஒரு மூச்சில் நடந்த மாதிரி இருக்கிறது. ராசா தூரத்தில் இருந்து அடித்த பந்து கொடிக்கு அந்தப் பக்கம் விழுந்து, நின்று, பின்னாலேயே உருண்டு, உருண்டு, குழிக்குள் போய் விழுந்தது. ஒரே அடியில் நெட்டையனையும் தாண்டி ஜெயித்துவிட்டான். அப்படி ஒரு அடியை நான் பார்த்ததே இல்லை. என் இரண்டு கையும் தன்னால் சேர்ந்து தட்டிவிட்டன. தம்பியும் தட்டினான். நான் சத்தமாகச் சிரிக்கவும் சிரித்தேன் போல.

நான் அவருக்கு வலது பக்கம் நின்றிருந்தேன். அவர் தலையைத் திருப்பினார். ஆறு மாசமாக நான் கூப்பிட்டும் பாத்திரத்தைத் தட்டியும் திரும்பாத பக்கம், அவராகவே, மெதுவாக, முழுசாகத் திரும்பி என்னைப் பார்த்தார். என் கை இரண்டும் இன்னும் சேர்ந்தபடி இருந்தது.

அன்றைக்கு முழுக்க அரிசி டிரம்மில் இருந்து எடுத்த போன்களை வைத்துக்கொண்டு தேடினோம். தம்பி நல்ல பையன், குளிக்கப் போகாமல் உட்கார்ந்து தேடினான். எதைத் தொட்டாலும் ராசாவின் கடைசி அடிதான் ஓடுகிறது. முன்னால் இருந்து, பின்னால் இருந்து, மெதுவாக, வேகமாக. நெட்டையன் ஒரு இடத்தில் இருந்தான், ராசாவின் கையைப் பிடித்து வாழ்த்துகிற படத்தில், பாதி முகம். நெட்டையனைப் பற்றி ராசா பெருமையாகச் சொன்னது ஒரு செய்தியாக வந்தது. அதிலும் ராசா படம்தான் போட்டிருந்தார்கள். இரண்டாவதாக வந்தவன் போட்ட பந்தை யார் இன்னொரு தடவை காட்டப்போகிறார்கள்? சாயங்காலம் தம்பி போனைக் கீழே வைத்துவிட்டு, இல்லக்கா என்றான். நான் இவரிடம் போய், நீங்க பாக்கணும்னு நெனச்சது நடந்துட்டுங்க, நெட்டையன் போட்டான், நான் பாத்தேன் என்று பொய் சொன்னேன். இவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர்கள் ஊருக்குப் போய்விட்டார்கள். கயிற்றை அவிழ்த்தேன். நாற்காலியைப் பழைய இடத்தில் போட்டேன். இவர் எங்க என்று கேட்கவில்லை. சோற்றுத் தட்டை எடுத்துவிட்டுக் காத்திருந்து பார்த்தேன், கேட்கவில்லை. மகள் போனில் அப்பா அப்பா என்று கத்தினாள், கேட்கவில்லை. ஆஸ்பத்திரிப் பெண்ணிடம் கூட்டிக்கொண்டு போனேன். தலை திருப்புவது நல்லா வந்திருக்கே, எப்படிம்மா செஞ்சிய என்று கேட்டாள். என்னத்தைச் சொல்ல. வார்த்தைக்குக் கொஞ்சம் பொறுங்க, சில நேரம் இப்படி நின்னு வரும் என்றாள். வராமலும் போகுமா என்று நான் கேட்டதற்கு அவள் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தாள்.

அடுத்த திங்கட்கிழமை பெட்டியைப் போட்டேன். வேறு ஒரு போட்டி. ராசா காரில் இருந்து இறங்கினான், செருப்பு மாற்றினான். நான் இவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். நேரம் போய்க்கொண்டே இருந்தது. நெட்டையன் பேர்கூட வரிசையில் இல்லை. எனக்குத் தாங்க முடியவில்லை. இவருக்கு இடது பக்கமாக வந்து உட்கார்ந்து, நானே கேட்டேன்.

"எங்கங்க அவன்? நெட்டையன எங்க? கேளுங்களேன்."

இவர் என்னைப் பார்த்தார். கோபம் ஒன்றும் இல்லை அந்த முகத்தில், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. இடது கையைத் தூக்கி, விரலை நீட்டி, பெட்டியில் நிற்கிற ராசாவைக் காட்டினார். ஒன் ஆளத்தான காட்டுதான் என்று முன்னெல்லாம் சொல்வாரே, அந்த மாதிரி காட்டிவிட்டு நான் பார்க்கிறேனா என்று பார்த்தார். பார்த்தேன். வேறு யாரையோ கொஞ்ச நேரம் காட்டிவிட்டு மறுபடி ராசாவைக் காட்டினார்கள். இவர் மறுபடியும் விரலை நீட்டி எனக்குக் காட்டினார். ஆட்டம் முடிகிறவரை, அவன் வரும்போதெல்லாம் காட்டினார்.